முகாமுக்குப் போன சொதி

அன்னதானம் செய்யப் போன இடத்தில் ஒரு மனிதரைப் பட்டினி போட்டு மயங்க வைத்தவன், எனக்குத் தெரிந்தவரை, தாமிரபரணிக் கரையில் நான் ஒருவன்தான். கொலைகாரனுக்காவது முன்பகை, வரப்புத் தகராறு என்று ஏதாவது ஒரு நோக்கம் இருக்கும். என்னிடம் இருந்ததெல்லாம் நல்ல எண்ணம். நல்ல எண்ணம் உள்ளவனை முன்கூட்டியே கைது செய்ய வழியில்லை என்பது நம் சட்டத்தில் இருக்கும் பெரிய ஓட்டை.

முதலில் என்னைப் பற்றி. கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இன்றுவரை சும்மா இருக்கத் தெரியாது. ('இவுக கால்ல யாரோ வெந்நியக் கொட்டிட்டாக' என்பது என் மனைவியின் நிரந்தர விளக்கம்.) பல் டாக்டரின் வரவேற்பறையில் உட்கார வைத்தால் அங்கே கிடக்கும் பத்திரிகைகளை மாத வாரியாக அடுக்கிவிடுவேன். பஸ் வழியில் நின்றால் இறங்கிப் போய் டிரைவருக்கு யோசனை சொல்வேன். கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் பரிமாறுகிறவர்கள் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள்.

ஆறு ஊருக்குள் வந்த மார்கழி அது. வண்ணார்பேட்டையில் எங்கள் வீடு மாடியில். தண்ணீர் தெருவுக்கு வந்தது, படிக்கட்டைப் பார்த்தது, போய்விட்டது. எனக்கு ஒரு சேதமும் இல்லை. சேதமில்லாதவனுக்கு வரும் பரபரப்பு இருக்கிறதே, அது சேதப்பட்டவனுக்கு வராது. அவனுக்குச் சேற்றை வழிக்கவே நேரம் சரியாக இருக்கும். நான் இரண்டு நாள் பால்கனிக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். மூன்றாம் நாள் என் மனைவியே, "எங்கயாவது போயி யாருக்காவது உதவி செய்ங்க. எனக்கு உதவியா இருக்கும்" என்றாள்.

போன இடம் டவுணில் ஆறுமுகம் அண்ணாச்சியின் ஜவுளிக் கடை. அண்ணாச்சி ஒரு தொண்டு மன்றம் நடத்துகிறார். சனிக்கிழமைதோறும் கோயில் பக்கம் ஏழைகளுக்குச் சோறு. மன்றத்துக்குச் சில விதிகள் உண்டு. வெங்காயம், பூண்டு கிடையாது. சமைத்ததைச் சாமி படத்துக்குப் படைத்து, பதிகம் பாடி முடிக்கும்வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது, மூடியைத் திறந்து முகரவும் கூடாது. நான் அங்கே ஆலோசகர். யாரும் நியமிக்கவில்லை. அடிக்கடி போய் ஆலோசனை சொன்னதில் அந்தப் பதவி தானாக உருவாகிவிட்டது.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வெள்ளத்துக்குத் தப்பிய குடும்பங்களைத் தங்க வைத்திருந்தார்கள். பெரும்பாலும் வயல் வேலை, வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். வேடிக்கையை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பங்களைக் கூரையிலிருந்து இறக்கியது கடற்கரையில் ஒரு மாதா கோயில் பங்கைச் சேர்ந்த மீனவர்கள். கடலில் ஓடுகிற படகை லாரியில் ஏற்றி வந்து வயலுக்கு மேலே ஓட்டினார்கள். காலை இட்லியை ஒரு பள்ளிவாசல் ஜமாத் ஏற்றுக்கொண்டது. மதியச் சோறு, படகு கொண்டுவந்த அதே பங்கின் மாதர் சபை. ராத்திரி உப்புமாவை ஒரு பஜனை கோஷ்டி பார்த்துக்கொண்டது. யாரும் கூட்டம் போட்டுப் பிரிக்கவில்லை. வந்த வரிசையில் அமைந்துவிட்டது. நாங்கள் வண்டி பிடிப்பதற்குள் மூன்று வேளையும் தீர்ந்துபோயிருந்தது.

அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. "நாலு மணிக்கு டீயும் பன்னும் குடுக்கலாம்ங்காக வே. தலமொற தலமொறயாச் சோறு போட்ட குடும்பம். டீத்தண்ணி ஊத்திட்டு வரவா?"

"மதியம்தான் அண்ணாச்சி. மதியம் நான் வாங்கித் தாரேன்" என்றேன் நான்.

உயிர் பிழைத்தவர்களின் பசி அங்கே இருக்க, அந்தப் பசியில் எங்களுக்கு எந்தப் பங்கு கிடைக்கும் என்று நான் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். இது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆற்றங்கரைச் சத்திரங்கள், கல்வெட்டுகளில் உள்ள அன்னதானக் கட்டளைகள் என்று அண்ணாச்சிக்கு ஒரு சிற்றுரை ஆற்றினேன். உரையின் முடிவில்தான் எனக்கே அந்த யோசனை வந்தது. முகாமில் எல்லோரும் எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம் என்று கொட்டுகிறார்கள். நாம் சொதிச் சாப்பாடு போட்டால் என்ன?

வெளியூர்க்காரர்களுக்கு: சொதி என்பது தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு வைக்கும் குழம்பு. எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் போடுவது. கூடவே இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல். மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் சாப்பாட்டை வெள்ளத்தில் எல்லாம் இழந்தவர்களுக்கு வைப்பது! எனக்கே கண் கலங்கியது. (என் யோசனைகளுக்கு நான் எளிதில் கண் கலங்கிவிடுவேன்.)

மறுநாள் முகாமுக்குப் போய் 'கள ஆய்வு' செய்தேன். அங்கே எல்லோருக்கும் வரிசை ஒழுங்கு செய்துகொண்டிருந்தவர் பேச்சியம்மாள். வாழைத்தார் சுமக்கிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். குரல் பள்ளிக்கூட மணிக்கு மேல் கேட்டது. அவரிடம் குனிந்து, கனிவாக, உங்களுக்கெல்லாம் என்ன சாப்பிட ஆசை என்று கேட்டேன்.

"என்ன சார், ஒறப்பா மீன்கொழம்பும் சோறும் இருந்தாப் போதும். அந்தக் கடக்கர அக்கா கொண்டாருதாக, நல்லாத்தான் இருக்கு. ஒங்களுக்கு மனசிருந்தா அடுப்பும் சட்டியும் தாங்க, நாங்களே பொங்கிக்கிடுதோம். அடுத்தவுக கையப் பாத்துக்கிட்டு இருக்கது சடவா இருக்கு."

"மார்கழி மாசத்துல மீனாம்மா?"

"அது மார்கழின்னு ஆத்துக்குத் தெரியலயே சார். எங்க ஆட்டுக்குட்டி ரெண்டையும் இழுத்துட்டுப் போயிட்டு."

நான் இதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்ன விருப்பத்தை அடக்கம் என்று மொழிபெயர்த்துக்கொள்வதற்குத் தனிப் படிப்பு வேண்டும். எனக்கு அந்தப் படிப்பு இருந்தது.

கிளம்பும்போது அவர் ஒன்று கேட்டார். "நாளைக்கு நேரத்துக்கு வந்துருமா சார்? எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சக்கர. ஊசி போட்டுட்டா ஒடனே சோறு உள்ள போவணும்." சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒல்லியான மனிதரைக் காட்டினார். சுடலைமுத்து. அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

"பன்னிரண்டரைக்கு இலை போட்டிருப்போம்மா" என்றேன்.

அன்றே மாதர் சபையின் லூர்து மேரிக்குப் போன் செய்தேன். "மத்தியானம் நாங்க பாத்துக்கிடுதோமே சார்" என்று இழுத்தார். நான் மரபு, பண்பாடு, மத நல்லிணக்கம் என்று கொஞ்ச நேரம் பேசினேன். மத நல்லிணக்கத்துக்காக அவர்கள் வராமல் இருக்க வேண்டும் என்பது என் வாதத்தின் சாரம். "சரி சார், ஒரு நாளுதான. ஆனா அங்கன சுகர்காரரு ஒருத்தரு இருக்காரு. நேரம் முக்கியம்" என்றார். தெரியும் தெரியும் என்றேன்.

விடியற்காலையில் டவுண் மண்டபத்தில் அடுப்பு மூட்டினோம். தவசிப்பிள்ளை மந்திரம் கல்யாணச் சமையலில் பேர் போனவர். பூண்டு இல்லாத சொதியா என்று முதலில் முறைத்தார். "பல்லு இல்லாத மாப்பிள்ளைக்குப் பொண்ணு பாத்த மாதிரில்லா இருக்கு" என்றார். பிறகு வேலையில் இறங்கியதும் மறந்துவிட்டார். அண்டா நிறையத் தேங்காய்ப் பால் மஞ்சளும் வெள்ளையுமாகத் தளதளத்தபோது எனக்குச் சத்திரம் கட்டிய ராணிகள் எல்லோரும் வரிசையாக நின்று கும்பிடுவதுபோல் இருந்தது.

வண்டி கிளம்பும்போது மந்திரம் ஒரு கூடை எலுமிச்சம்பழத்தை என்னிடம் தந்தார். அவர் வரவில்லை, வேறு கல்யாணம் இருந்தது. "எலை போட்ட பெறவு, கொழம்பு ஆறுன பெறவு பழத்தப் பிழிஞ்சு விடுங்க. அவ்வளவுதான் சோலி" என்றார்.

முன்சீட்டில் டிரைவரோடு அண்ணாச்சி, மடியில் சாமி படம். பின்னால் அண்டாக்களோடு நான். செய்துங்கநல்லூர் தாண்டியதும் வண்டி நின்றது. வெள்ளம் ரோட்டின் பாதியைக் கொண்டுபோயிருந்தது. மீதிப் பாதியில் ஒருபக்க வண்டிகளை விட்டு, அப்புறம் மறுபக்கம் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் நிவாரண லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம். எல்லாவற்றிலும் பிரெட்.

நான் இறங்கினேன். ஏறினேன். போலீஸ்காரருக்கு ஒரு யோசனை சொன்னேன். அவர் என்னை நோக்கி விசில் ஊதினார். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி இறங்கினேன்.

அண்ணாச்சி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "வே பேராசிரியரே, பைய ஒரு எடத்துல இரும். நீரு ஏறி எறங்குததுல வண்டி ஆடுது."

பன்னிரண்டு மணிக்குப் பேச்சியம்மாள் போன் செய்தார். "எங்கன வருதீய சார்?"

இந்த இடத்தில் எந்தத் தமிழனும் செய்வதைத்தான் நான் செய்தேன். "கருங்குளம் தாண்டிட்டோம்மா. வந்துட்டோம்."

கருங்குளம் அப்போது எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை. ஆனால் வீட்டில் சட்டை தேடிக்கொண்டிருக்கும்போதே 'ஆர்ச்சுக்கிட்ட வந்துட்டேன்' என்று சொல்லிப் பழகிய நாக்கு அது. கேட்கிறவனும் அதைக் கழித்துத்தான் எடுத்துக்கொள்வான் என்பது நம் ஊர் ஏற்பாடு. ஊசி போட்டுக்கொள்ளக் காத்திருப்பவரின் மனைவி அப்படிக் கழிக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை. "அப்ப ஊசி போட்டுரவா சார்?" என்று அவர் கேட்டாரா, இல்லையா? கேட்டார். நான் போனை வைத்துக்கொண்டே ஒரு லாரிக்காரனுக்குக் கைகாட்டிக்கொண்டிருந்தேன். "போடுங்கம்மா, போடுங்க" என்றேன்.

அதற்கப்புறம் வண்டி நகரவே இல்லை. இப்போதுதான் எனக்குக் கணக்கு புரிந்தது. ஊசி போட்டாயிற்று. சோறு இங்கே இருக்கிறது. இடையில் பிரெட் லாரிகள். ஏதாவது செய்தாக வேண்டும். என்ன செய்வது? சுற்றிப் பார்த்தேன். கையெட்டும் தூரத்தில் எலுமிச்சம்பழக் கூடை.

இப்போதே பிழிந்துவிட்டால் அங்கே போனதும் நேரம் மிச்சம். என் வாழ்க்கையின் பெரும்பாலான நாசங்கள் நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய் வந்தவை. கத்தி இருந்தது, கை இருந்தது. இன்னும் சூடு ஆறாத தேங்காய்ப் பாலில் ஒவ்வொரு பழமாக வெறியோடு பிழிந்தேன். பழங்கள் தீர்ந்ததும் கரண்டியால் கலக்கி, ஆவி போகாமல் மூடியை அழுத்தி மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வேலையைச் சரியாக முடித்த நிம்மதி. ருசி பார்க்க விதி இடம் கொடுக்கவில்லை. முகரவும்தான்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. வராந்தா முழுக்க இலை போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருநூறு பேர் பேசாமல் நம்மைப் பார்ப்பதை வகுப்பறையில்கூட நான் அனுபவித்ததில்லை. சுடலைமுத்து தூணில் சாய்ந்திருந்தார். மார்கழிக் குளிரில் அவர் சட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. கை நடுங்கியது.

அண்ணாச்சி ஒன்றையும் கவனிக்கவில்லை. சாமி படத்தை ஸ்டூலில் வைத்து, கண்ணை மூடி, பதிகத்தை எடுத்துவிட்டார். மன்றத்தில் சுருக்கமாகப் பாடும் வழக்கமில்லை.

"சாமி பாட்டு பெறவு பாடுங்க அய்யா! இவுக சாயுதாக!" பேச்சியம்மாளின் குரலில் ராகம் அப்படியே நின்றது.

நான் ஓடிப்போய் மூடியைத் திறந்தேன்.

திரிந்த பாலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு அண்டா திரிந்த பாலைப் பார்த்திருக்க மாட்டீர்கள். மஞ்சள் தண்ணீரின் மேல் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள் மிதந்தன. நடுவே ஒரு முருங்கைக்காய், வெள்ளத்தில் அடித்து வந்த மரக்கிளை போல நிமிர்ந்து நின்றது. புளித்த வாடை வராந்தாவின் கடைசி இலைவரை போய்விட்டு வந்தது. கலக்கிச் சரிசெய்யப் போன அவசரத்தில் கரண்டியை நழுவ விட்டேன். அது அண்டாவுக்குள் விழுந்து பாதிச் சொதியை என் சட்டைக்கு அனுப்பியது.

"என்னவே இது?" என்றார் அண்ணாச்சி.

"பழம் பிழிஞ்சேன் அண்ணாச்சி."

"எப்ப?"

"செய்துங்கநல்லூர்ல."

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. சாமி படத்தை மட்டும் என்னைப் பார்க்காதபடி மெதுவாகத் திருப்பி வைத்தார்.

இதற்குள் பேச்சியம்மாள் புருஷனைத் தாங்கிப் பிடித்திருந்தார். "சீனி இருக்கா? இனிப்பா ஏதாவது இருக்கா?" என்று கத்தினார். மன்றத்தின் வண்டியில் சோறு இருந்தது, துவையல் இருந்தது, வறுவல் இருந்தது, விபூதி இருந்தது. இனிப்பு இல்லை. சொதி விருந்துக்குப் பாயசம் வேண்டாம், அது சொதியின் ருசியைக் கெடுக்கும் என்று மந்திரத்திடம் வாதாடி நிறுத்தியவன் நான்தான். பைகளைத் தடவினேன். ஒரு பேனா, ஒரு எலுமிச்சம்பழ விதை.

அப்போது பள்ளிக்கூட வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. லூர்து மேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குதித்தார். கையில் ஒரு தூக்குச் சட்டி. அதில் கருப்பட்டிக் காப்பி. நேராகச் சுடலைமுத்துவிடம் போய் வாயில் வைத்துப் புகட்டினார். "குடிங்க அண்ணே, பைய, பைய." ஒரு மணிக்கே பேச்சியம்மாள் அவரைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். நான் 'வந்துட்டோம்' என்று சொன்னதை ஒரு மணி நேரம் நம்பியிருக்கிறார். நம்பிக்கைக்கு அது அதிகம்.

எல்லோரும் சுடலைமுத்துவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். முருகா, மாதாவே, அல்லா என்று எந்தப் பெயர் முதலில் காதில் விழுந்ததோ எல்லாவற்றையும் நானும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் கண்ணைத் திறந்து, வாயைத் துடைத்து, "கருப்பட்டி உடன்குடியா?" என்று கேட்டார். வராந்தாவே மூச்சு விட்டது.

லோடு ஆட்டோவில் இன்னொரு சட்டியும் வந்திருந்தது. சாளை மீன் குழம்பு. ஆனால் சோறு வடிக்க அவர்களுக்கு நேரமில்லை. எங்களிடம் சோறு இருந்தது, குழம்பில்லை. லூர்து மேரி அண்ணாச்சியைப் பார்த்தார். பேச்சியம்மாள் அண்ணாச்சியைப் பார்த்தார். சாளையின் மணம் அவரவர் இலையில் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டது.

"எண்ணே, ஒங்க சோத்துல இதை ஊத்தலாமா? பாவமா ஏதும் இருக்கா?" என்று கேட்டார் லூர்து மேரி.

அண்ணாச்சி உயிரோடு மீன் நீந்தும் கண்ணாடித் தொட்டியைக்கூடக் கடக்காதவர். அவர் நெற்றி ஒரு நிமிடம் சுருங்கியது. பிறகு சாமி படத்தைத் துண்டால் போர்த்தி எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி நடந்தார். நடந்துகொண்டே, திரும்பாமல், "நெறய ஊத்துங்கம்மா" என்றார்.

அன்று அந்த முகாமில் சைவச் சோறும் கத்தோலிக்க மீன்குழம்பும் இஞ்சித் துவையலும் ஒரே இலையில் இறங்கின. துவையலை மீன்குழம்போடு சேர்த்தால் நன்றாக இருக்கிறது என்று ஒரு பெரியவர் கண்டுபிடித்துச் சொன்னார். நான் மறு சோறு பரிமாற வாளியை எடுத்தேன். பேச்சியம்மாள் வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "சார், நீங்க அங்கன போயி உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பந்தி முடியும்வரை சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும் வழியில் அண்ணாச்சி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வயிறார உண்டாகளா?" ஆமாம் என்றேன். "அப்ப சரி" என்றவர், மறுநாளே முகாமுக்கு இரண்டு பெரிய அடுப்பும் சட்டி பானைகளும் அனுப்பிவைத்தார். ஆலோசகரைக் கேட்கவில்லை. மன்றம் இப்போது எங்கே போவதாக இருந்தாலும் முதலில் போன் செய்து, என்ன வேண்டும் என்று கேட்கிறது. வருகிற பதில் நமக்குப் பிடித்ததாக இருப்பதில்லை என்பது ஒன்றுதான் சிரமம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. அடுத்த மாதம் என் மகள் போனில் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தரையில் உருண்டாள். அந்தப் பங்கின் மாத இதழ். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் லூர்து மேரி எனக்கும் ஒரு தட்டில் சோறும் துவையலும் கொண்டுவந்து கொடுத்திருந்தார், அதை யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். கலைந்த தலை, கறை பட்ட சட்டை, இரண்டு கையையும் நீட்டி நான் வாங்குகிறேன். கீழே: 'வெள்ளத்தில் வீடு வாசலை இழந்த முதியவருக்கு நம் மாதர் சபையினர் உணவு வழங்கியபோது.'

வீடு வாசலோடு 'முதியவர்' என்பதும் சேர்ந்ததுதான் எனக்கு வலித்தது. மனைவி தனக்கு வலிக்கவில்லை என்றாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் சாப்பாடு தாமதமானால், "முதியவருக்கு மொதல்ல போடுங்க" என்பாள் மகள். உறவினர் கல்யாணங்களில் அந்தப் படம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

பொங்கல் கழிந்து பேச்சியம்மாள் குடும்பம் வீடு திரும்பியிருந்தது. சுடலைமுத்துவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு வரலாம் என்று போனேன். அவர் தெம்பாக இருந்தார். "அத விடுங்க சார், காப்பி குடிங்க" என்றார். கொஞ்சம் அனுதாபமாவது கிடைக்கட்டும் என்று பேச்சியம்மாளிடம் அந்தப் படத்தைக் காட்டினேன். பாருங்கம்மா, விசாரிக்காமல் கொள்ளாமல் யாரையோ படம் எடுத்து எதையோ எழுதிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டேன்.

அவர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"விசாரிக்காம ஒண்ணும் எடுக்கல சார். இங்க இருக்கதுலயே ரொம்பப் பாவப்பட்டவுக யாருன்னு அந்தப் போட்டோக்காரரு எங்கிட்டதான் கேட்டாரு. நாந்தான் ஒங்களக் கையக் காட்டுனேன்."